கொழுந்தனார் அனுப்பப் போகும் ரோபோ மாமாவைத் தூக்குமா?

கேள்வி: சிஸ்டர் வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம். என் மாமனாருக்கு வயது 74. போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் நினைவு நன்றாக இருக்கிறது. 68 கிலோ எடை. வீட்டுக்காரர் காலையில் பட்டறைக்குப் போனால் ராத்திரிதான் வருவார், அதனால் குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான்தான். இடுப்பு விட்டுப் போகிறது. அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார், மனிதன் மாதிரியே ஒரு ரோபோ 20,000 டாலருக்கு வந்திருக்கிறது, புக் பண்ணி அனுப்புகிறேன், அண்ணி இனிமேல் கஷ்டப்பட வேண்டாம் என்கிறார். வாங்கலாமா? நம்பி மாமாவை அதன் கையில் விடலாமா? இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் சுத்தம் பண்ணும்போது மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுகிறார். மெஷின் என்றால் அவருக்கும் கூச்சம் இருக்காதே என்று ஓர் ஆசை.

பதில்: தங்கச்சி, வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொழுந்தனார் இந்நேரம் முன்பணமே கட்டியிருப்பார் போலிருக்கிறது. ஆனால் ரோபோதான் வேண்டாமே தவிர, அந்தப் பணத்தை வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அதை எதில் போடுவது என்பதற்குத்தான் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் போகும்.

நான் பக்கவாத வார்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீடுகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ரோபோ பற்றி வரும் செய்திகளை ஆர்வமாகவே படிப்பேன். நர்ஸ் வேலை பார்த்த எங்களில் இடுப்பு வலி இல்லாதவர்கள் குறைவு, தூக்குகிற வேலையை யாராவது வாங்கிக்கொண்டால் முதலில் கும்பிடுவது நாங்களாகத்தான் இருக்கும்.

விலையை வைத்துப் பார்த்தால் கொழுந்தனார் சொல்வது ஒன்எக்ஸ் என்ற நிறுவனத்தின் நியோ ரோபோவாக இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் முன்பதிவு ஆரம்பித்தார்கள், விலை 20,000 டாலர், அல்லது மாதம் 499 டாலர் வாடகை. முதலில் அமெரிக்க வீடுகளுக்குத்தான் என்று அறிவித்தார்கள், ஆக வில்லாபுரத்துக்கு அதை எப்படிக் கொண்டுவருவார், ரிப்பேர் என்றால் யார் வருவார் என்பதே தனிக் கேள்வி. அது சுமார் 30 கிலோ எடை, சார்ஜ் நாலு மணி நேரம் நிற்கும். வீடியோவில் துண்டு மடிக்கிறது, கதவைத் திறக்கிறது, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, நானும் இரண்டு முறை பார்த்தேன்.

ஆனால் அதற்குத் தெரியாத வேலை என்று ஒன்று வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? நிறுவனத்தின் ஆள் ஒருவர் எங்கோ உட்கார்ந்து, கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, ரோபோவின் கேமரா வழியாக உங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டே அதன் கையை இயக்குவார். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, அவர்களே சொல்கிறார்கள், வீட்டுக்காரர்களின் அனுமதியோடுதான் என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். மருமகள் முன்னால் துணி விலகினாலே சுவர்ப் பக்கம் திரும்புகிற மனுஷர் அவர், டயபர் மாற்றும்போது முன்பின் தெரியாத ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் என்ன ஆவார்? மெஷின் என்றால் கூச்சம் இருக்காது என்று நீங்கள் ஆசைப்பட்டது நியாயம்தான், ஆனால் இந்த மெஷினுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார்.

அடுத்தது தூக்குவது. விளம்பரத்தில் அது 70 கிலோ வரை தூக்கும் என்றுகூட இருக்கிறது, மாமா 68 கிலோ, கணக்கு சரியாக வருகிறதே என்று கொழுந்தனார் நினைத்திருக்கலாம். பெட்டியைத் தூக்குவதும் ஆளைத் தூக்குவதும் ஒன்றில்லை. பெட்டி அப்படியே இருக்கும், பக்கவாதம் வந்த உடம்பு அப்படி இருக்காது, ஒரு பக்கம் துவண்டு தொங்கும், இன்னொரு பக்கம் பயத்தில் எதையாவது எட்டிப் பிடிக்கும், நடுவில் இருமல் வரும், தலை பின்னால் சாயும். அத்தோடு, கட்டிலில் படுத்திருப்பவரை எடுக்கக் கையை முன்னால் நீட்ட வேண்டும், அப்படி 68 கிலோவை உடம்புக்கு வெளியே நீட்டிய கையில் தாங்கினால் தாங்குகிறவர் குப்புற விழாமல் இருக்க அடிப்பக்கம் நல்ல கனமாகவோ அகலமாகவோ இருந்தாக வேண்டும். 30 கிலோ எடையில் இரண்டு காலில் நிற்கிற ஒன்றால் அது முடியாது. கீழே விழுந்தால் மாமா மேல்தான் விழும்.

இதற்கென்றே ஆளைத் தூக்கும் ரோபோ செய்தவர்கள் ஜப்பான்காரர்கள். 2015-ல் ரிக்கென் ஆய்வு நிறுவனமும் சுமிடோமோ ரிக்கோ நிறுவனமும் சேர்ந்து ரோபேர் என்று ஒன்றைக் காட்டினார்கள், வெள்ளைக் கரடி முகம், நோயாளியை இரண்டு கையிலும் ஏந்திக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும். அதன் எடை 140 கிலோ, அதற்கு முன்னால் செய்தது 230 கிலோ. தூக்கும்போது சாய்ந்துவிடாமல் இருக்க அடியில் கால்களை அகல விரித்துக்கொள்ளும். உலகம் முழுக்கப் படம் வந்தது, கடைக்கு மட்டும் வரவே இல்லை. இப்போது டோக்கியோவின் வாசெடா பல்கலைக்கழகத்தில் ஐரெக் என்று ஒன்று செய்துகொண்டிருக்கிறார்கள், 150 கிலோ. 2025-ல் அது செய்து காட்டியது என்ன என்றால், மல்லாந்து படுத்திருந்த ஒருவரின் முழங்காலில் ஒரு கையும் தோளில் ஒரு கையும் வைத்து மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தது. அவ்வளவுதான். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிற வேலை அது. அதுவும் 2030 வாக்கில்தான் தயாராகலாம், ஆரம்ப விலை குறைந்தது ஒரு கோடி யென் ஆகலாம் என்கிறார்கள், நம் பணத்தில் 55, 60 லட்சம். இவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, ஒரு மனித உடம்பை நோகாமல் புரட்டுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். இங்கே அதைச் சம்பளம் இல்லாமல் மருமகள்கள் செய்வதால் யாருக்கும் தெரிவதில்லை.

மருத்துவமனைகளில் ரோபோ உருப்படியாக உதவுகிற இடம் வேறே. தைவானில் தைச்சுங் வெட்டரன்ஸ் மருத்துவமனையில் நுராபாட் என்ற ரோபோ மருந்தையும் சாம்பிளையும் வார்டுக்கு வார்டு கொண்டுபோகிறது, சக்கரத்தில் ஓடுவதுதான், நர்ஸ்களின் நடை மிச்சம். கொரோனா நேரத்தில் திருச்சி அரசு மருத்துவமனையில்கூட ரோபோ மருந்து, சாப்பாடு எடுத்துப் போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீளமான வராண்டா, வழவழவென்ற தரை, லிஃப்ட் எல்லாம் இருக்கிற இடத்தில் அது ஓடும். நம் வீடுகளில் முடுக்குக்குள் நுழைந்து, நிலைப்படி தாண்டி, பாத்ரூம் வாசலில் ஒரு படி இறங்கி, மாதம் ஒருநாள் பராமரிப்பு மின்தடையும் பார்த்துவிட்டு அது என்ன செய்யும் என்று எனக்குக் கவலைதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்று பார்ப்போம்.

தூக்குவதற்கு மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு முகம் கிடையாது, பேசாது, யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை. பேஷண்ட் லிஃப்டர் என்று கேளுங்கள், பனகல் ரோட்டில் பெரியாஸ்பத்திரிப் பக்கம் இருக்கிற சர்ஜிக்கல் கடைகளில் விசாரித்தால் கையிருப்பு இல்லாவிட்டாலும் வரவழைத்துத் தருவார்கள். கையால் பம்ப் அடிக்கிற வகை 50,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும், கரண்டே வேண்டாம். மாமாவை ஒருக்களித்து, ஸ்லிங் என்கிற துணியை முதுகுக்கும் தொடைக்கும் அடியில் விட்டு, நாலு மூலையையும் கொக்கியில் மாட்டி, பம்பை மெதுவாக அடித்தால் ஆள் தானாக எழும்புவார், நாற்காலிக்கு நேராகத் தள்ளி வால்வைத் திருகினால் மெல்ல இறங்குவார். உங்கள் இடுப்புக்கு வேலையே இல்லை. முதல் சில வாரம் வீட்டுக்காரரும் பக்கத்தில் நிற்கட்டும். ஆளைத் தொங்கவிட்டபடி நிலைப்படி தாண்டிப் போவது மட்டும் கூடவே கூடாது. ரூமிலேயே சக்கரம் வைத்த கமோடு நாற்காலிக்கு மாற்றிவிட்டு, நாற்காலியைத்தான் பாத்ரூமுக்குத் தள்ள வேண்டும், படி இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு சாய்வுப் பலகை அடித்துக்கொள்ளுங்கள்.

கட்டிலையும் மாற்றுங்கள். நம் வீட்டுக் கட்டில் எல்லாம் முழங்கால் உயரம், அதில் குனிந்து குனிந்துதான் பாதி இடுப்பு போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கே கிடைக்கும், ஆனால் முதுகுப் பக்கம் மட்டும் தூக்குகிற வகையை எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், மொத்தக் கட்டிலின் உயரத்தையே கூட்டிக் குறைக்கிற வகையா என்று கேட்டு எடுங்கள். டயபர் மாற்றும்போது உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம், ராத்திரி தாழ்த்திவிடலாம்.

இவை வருகிற வரைக்கும் புரட்டுவதை இப்படிச் செய்து பாருங்கள். அவருடைய வலது பக்கம், அதாவது நல்ல பக்கம் நில்லுங்கள். விழுந்துபோன இடது கையை எடுத்து நெஞ்சின் மேல் வையுங்கள், இடது முழங்காலை மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றி வையுங்கள். அப்புறம் உங்கள் ஒரு கை அவருடைய இடது தோள்பட்டைக்குப் பின்னால், இன்னொரு கை இடது இடுப்பில். "மாமா, திரும்பப் போறோம்" என்று சொல்லிவிட்டு, உங்கள் முழங்காலை மடக்கி, உங்கள் எடையைப் பின்னால் சாய்த்து உங்களை நோக்கி உருட்டுங்கள். தூக்கவே கூடாது, உருட்டத்தான் வேண்டும். முழுக்கப் பக்கவாட்டில் நிறுத்தாமல் கொஞ்சம் சாய்வாக விட்டு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று, இடது கைக்கு முன்னால் ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும் இடது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள், பக்கவாதம் வந்த தோள் மூட்டு சுலபமாக நழுவிவிடும், அந்த வலி பிறகு மாதக்கணக்கில் போகாது. இந்த ஒரு விஷயத்தை வரும் போகும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள், பாசத்தில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பவர்கள் அவர்கள்தான்.

திருப்பும்போதே வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் இடுப்பு எலும்பும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போடுங்கள், சில ஆயிரம்தான், ஆனால் அது போட்டிருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. சாதாரணப் படுக்கையில் இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பச் சொல்வோம், ஏர் பெட்டில் ராத்திரி இடைவெளியைக் கூட்டலாமா என்பதைத் தோலைப் பார்த்து டாக்டர் சொல்வார். நடுவில் ஓட்டை விட்ட காற்று வளையத்தை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

அந்த அழுகையைப் பற்றி. அதைக் கூச்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது ரொம்ப சாதாரணம், சிலருக்கு மூளை பாதிப்பாலேயே அழுகை கட்டுக்குள் நிற்காது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. அடுத்த தடவை நரம்பியல் டாக்டரிடம் போகும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

கூச்சமும் இருக்கத்தான் செய்யும். மருமகள் கையால் சுத்தம் செய்துகொள்வதை அந்தத் தலைமுறை ஆண்கள் யாரும் சுலபமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் அவருடைய வலது கை நன்றாக இருக்கிறது! மூத்திரம் பிடிக்கிற கேனை அந்தக் கையிலேயே கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். ஈரத்துணியைக் கையில் கொடுத்தால் முன்பக்கம் அவரே துடைத்துக்கொள்வார், நீங்கள் பின்பக்கம் மட்டும் பார்த்தால் போதும், அதுவும் மேலே ஒரு வேட்டியைப் போர்த்திவிட்டு. ராத்திரிக்கு ஆண்களுக்கான உறை மாதிரி மாட்டுகிற கதீட்டர், அதாவது மூத்திரத்தைப் பைக்குக் கொண்டுபோகிற குழாய், இருக்கிறது, நர்ஸிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், நடு ராத்திரி டயபர் மாற்றுவது குறையும். அப்புறம், காலையில் குளிக்க வைக்க ஓர் ஆண் அட்டெண்டர் இரண்டு மணி நேரம் வந்து போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மாமாவிடமே கேளுங்கள், யார் செய்தால் உங்களுக்குச் சங்கடம் இல்லை என்று. நினைவு நன்றாக இருக்கிறவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வலி நிவாரணச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விவரம் சொல்வார்கள்.

இனி பணக் கணக்கு. 20,000 டாலர் என்பது 17, 18 லட்சம் ரூபாய். லிஃப்டர், நல்ல கட்டில், ஏர் பெட், கமோடு நாற்காலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் என்றே வையுங்கள். மிச்சத்தில் மாதம் 20,000 சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்தால் ஆறு வருஷத்துக்கு மேல் ஓடும். அல்லது அந்த வாடகைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 499 டாலர் என்றால் மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதில் காலையில் குளிப்பாட்ட ஓர் ஆணும் ராத்திரி கண்விழிக்க ஓர் ஆளும் வைத்துக்கொள்ளலாம், உங்களுக்குத் தூக்கம் கிடைக்கும். வருகிறவர்களுக்கு வாரம் ஒருநாள் லீவு கொடுங்கள், அன்றைக்கு வீட்டுக்காரர் பார்க்கட்டும். அவருக்கும் அப்பாதானே.

கொழுந்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எதையாவது வாங்கி அனுப்பினால்தான் செய்த மாதிரி இருக்கும். நீங்களே பேச வேண்டாம் என்றால் வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "தம்பி, அந்த ரோபோ அப்பாவைத் தூக்காதாம், நர்ஸம்மா சொன்னாங்க. தூக்குறதுக்கு இங்கேயே ஒரு மெஷின் இருக்கு, விலை 50,000-க்குள்ள. அதை வாங்கிட்டு, மாசம் ரெண்டு ஆள் சம்பளத்தை நீங்க பார்த்துக்கிட்டா எனக்குப் பெரிய உதவி. லீவுல வந்தா ஒரு மாசம் அப்பா கூட இருங்க, அவர் உங்களைத்தான் கேக்கிறார்." கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடுப்பையும் இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், காலில் மரத்துப்போவது, வலி தொடை வழியாக இறங்குவது இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். லிஃப்டர் வாங்கப் போகும் முன் ஒன்று: அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் வேலை நடக்கும். கட்டிலுக்குக் கீழே தரையிலிருந்து எத்தனை அங்குலம் இடைவெளி என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள், அடியில் டிரங்குப் பெட்டியும் அரிசி டின்னும் இருந்தால் வேறே இடம் பார்த்துவிடுங்கள்.